அத்திரிபாச்சா

"பெண் சிரித்தால் போச்சு, புகையிலை விரித்தால் போச்சு" என்று ஒரு பழமொழி வெகு காலமாக நம்மிடையே வழங்கி வருகிறது. புகையிலையை விரித்துப் போட்டால் காரமும் மணமும் போய்விடும். அது கடைக்காரனுக்கும் தெரியும், வாயில் போட்டு அடக்கிக்கொள்கிறவனுக்கும் தெரியும். பெண் சிரித்தால் போவது என்ன, போகிறது யாருடைய சொத்து என்பதை மட்டும் பழமொழி சொல்லவில்லை. பழமொழிகளின் சாமர்த்தியம் அதுதான். பாதியைச் சொல்லிவிட்டு மீதியைக் கேட்கிறவன் தலையில் கட்டிவிடும்.

ஆனால் சிரிக்காதே என்று ஒருவரைப் பார்த்துச் சொல்ல வேண்டுமானால், முதலில் அவர் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? அதுவும் சொல்கிறவனுக்குப் பிடிக்காத எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தப் பழமொழி முதன்முதலாக ஒருவர் வாயிலிருந்து விழுந்த அந்த நிமிஷத்தில், உள்ளே அடுக்களையில் நாலைந்து பெண்கள் கூடி உட்கார்ந்து எதற்கோ விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். எதற்குச் சிரித்தார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

திண்ணைப் பக்கத்துச் சிரிப்பு எல்லோருக்கும் தெரிந்தது. அது எப்போதோ அச்சேறிவிட்டது. பெர்சிவல் பாதிரியார் 1874-இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். டென்மார்க்கிலிருந்து வந்த ஜென்சன் என்ற பாதிரியார் 1897-இல் இன்னொரு தொகுதியைப் பொருள்வாரியாகப் பிரித்து அச்சிட்டார். இந்த மாதிரித் தொகுதிகளைப் புரட்டிக்கொண்டு போனால் மனைவியைப் பற்றியும், மாமியாரைப் பற்றியும், பெண்ணின் பின்புத்தியைப் பற்றியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். புருஷன் என்கிற பிராணியைப் பற்றிய பரிகாசத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. "கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்" என்பதைப் பதிவிரதா தர்மத்துக்கு அத்தாட்சியாகச் சொல்லுகிறார்கள். எனக்கு அதில் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. கல், புல் என்ற இரண்டுக்கு மேல் அவன் ஏறவே மாட்டான் என்று யாரோ ஒருத்தி அலுப்போடு முணுமுணுத்ததைத்தான் நாம் பிற்பாடு உபதேசமாக எடுத்துக்கொண்டோமோ என்னவோ!

பத்திரிகைகள் வந்தபோது திண்ணை அங்கே குடிபோயிற்று. 1926-இல் ஆனந்த விகடன் தொடங்கிற்று. முப்பதுகளில் மாலியின் சித்திரங்கள் வந்தன. தமிழ் வாசகர்கள் வாராவாரம் சிரிக்கப் பழகிக்கொண்டார்கள். அதெல்லாம் நல்ல காரியந்தான். ஆனால் அந்தச் சிரிப்பில் பெரிய பங்கு கணவன்–மனைவித் துணுக்குகளுக்குப் போய்விட்டது. மனைவி கையில் பூரிக் கட்டை, கணவன் தலையில் புடைப்பு, வாசலில் நண்பன். பூரிக் கட்டை பூரி இடுவதற்கும் உபயோகப்படும் என்பது, துணுக்குகளை மட்டுமே படித்து வளர்ந்த ஒருவனுக்குத் தெரியவே தெரியாது. பத்திரிகைத் துணுக்கு இப்போது கைப்பேசிக்கு வந்து விழுகிறது. கட்டையும் மாறவில்லை, புடைப்பும் மாறவில்லை.

இந்த வகைக்கு மூலக் கதை ஒன்று உண்டு. ராஜா ஒருவனுக்குத் தன் ஊரில் பெண்டாட்டிக்குப் பயப்படாதவன் எவனாவது இருக்கிறானா என்று பார்க்க ஆசை வந்தது. பயப்படுகிறவர்கள் இந்தப் பக்கம், பயப்படாதவர்கள் அந்தப் பக்கம் என்று கோடு கிழித்து நிற்கச் சொன்னான். ஊரே இந்தப் பக்கம் திரண்டு நின்றது. ஒரே ஒரு நோஞ்சான் மட்டும் அந்தப் பக்கத்தில் தனியாக நின்றான். ராஜாவுக்கு மகா சந்தோஷம். "உனக்கு எப்படியப்பா இவ்வளவு தைரியம்?" என்று கேட்டான். "கூட்டம் இருக்கிற இடத்துக்குப் போகாதே என்று என் பெண்டாட்டி சொல்லியிருக்கிறாள், மகாராஜா" என்றான் அவன். ராஜாவின் இடத்தில் சிலர் கிருஷ்ணதேவராயரை வைத்துச் சொல்லுவார்கள், சிலர் அக்பரை வைத்துச் சொல்லுவார்கள்.

நல்ல கதைதான். எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்தபிறகு ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்தக் கதையில் பெண்டாட்டி வருவதே இல்லை. ஆயிரம் ஆண்கள் மைதானத்தில் நிற்கிறார்கள். ஆயிரம் பெண்டாட்டிகளும் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு "உன் புருஷன் உனக்குப் பயப்படுகிறானாமே, வாஸ்தவமா?" என்று ராஜா கேட்கவில்லை; கதை சொல்லுகிறவனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். நிஜமாகவே பயந்தவன், பயப்படுகிறேன் என்று பல்லைக் காட்டிக்கொண்டு வரிசையில் போய் நிற்கமாட்டான். அப்படி நிற்பதற்கு வீட்டைப் பற்றிய ஒரு நிம்மதி வேண்டும்.

"அல்லி ராஜ்யம்" என்ற பேச்சும் அப்படித்தான். பெண் அதிகாரம் செய்கிற வீடு என்றால் உடனே அல்லி ராஜ்யம் என்கிறோம். அந்த அல்லி யார்? புகழேந்திப் புலவர் பேரில் வழங்குகிற 'அல்லி அரசாணி மாலை' என்ற பெரிய எழுத்துப் புத்தகத்தில் அவள் மதுரையை ஆண்ட ராணி. ஆண் வாடையே ஆகாதவள். அர்ஜுனன் அவளை யுத்தத்தில் ஜயித்தானா என்றால், இல்லை. பாம்பு வடிவெடுத்துப் பள்ளியறைக்குள் புகுந்து, அவள் தூங்கும்போது கழுத்தில் தாலியைக் கட்டிவிட்டான். விழித்திருக்கும்போது யாராலும் கட்டமுடியாத தாலி! இப்படி ஏமாற்றப்பட்ட ஒருத்தியின் பேரை எடுத்து, பெண்ணிடம் மாட்டிக்கொண்டு ஆண் தவிக்கிறான் என்பதற்கு அடையாளமாக வைத்திருக்கிறோம். அல்லியின் கதையைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அல்லி ராஜ்யம் என்று கேலி பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று யாரும் ஞாபகப்படுத்திக்கொள்வதாகத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிராக வாசுகி அம்மையாரின் கதையைப் பார்க்கலாம். கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தவள் கணவர் கூப்பிட்ட குரலுக்குக் கயிற்றை விட்டுவிட்டு ஓடினாள். குடம் பாதிக் கிணற்றில் அந்தரத்தில் நின்றது. சாப்பிடும்போது திருவள்ளுவர் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஓர் ஊசியும் வைக்கச் சொல்லுவாராம். ஏன் என்று வாசுகி கேட்கவில்லை. கடைசிக் காலத்தில்தான் கேட்டாள். கீழே சிந்துகிற பருக்கையை ஊசியால் குத்தி எடுத்துத் தண்ணீரில் அலம்பிக்கொள்வதற்காக, நீ ஒருநாளும் சிந்தாததால் அதற்கு வேலையே வரவில்லை என்று அவர் சொன்னாராம். பக்தியோடு சொல்லப்படுகிற கதை இது; பரிகசிப்பது என் நோக்கம் அல்ல. ஆனால் அதே வள்ளுவர் திருக்குறளில் 'புலவி நுணுக்கம்' என்று ஓர் அதிகாரம் பாடியிருக்கிறார். அங்கே காதலன் தும்முகிறான். காதலி வாழ்த்துகிறாள், மறு நிமிஷமே, எவள் நினைத்துத் தும்மினாய் என்று அழ ஆரம்பித்துவிடுகிறாள். சரி என்று அடுத்த தும்மலை அவன் அடக்கிக்கொண்டால், உன்னை ஒருத்தி நினைக்கிறதை என்னிடம் மறைக்கிறாயா என்று அதற்கும் அழுகிறாள். பொருள் தெரிந்து படித்தால் வாய்விட்டுச் சிரிக்கவேண்டிய இடம். இவ்வளவு பேசத் தெரிந்த ஒரு பெண்ணைப் படைத்த கவிக்கு, ஆயுசு முழுவதும் ஒரு கேள்வி கேட்காமல் இருந்த ஒரு மனைவியைத் தேடிப்பிடித்துக் கல்யாணம் செய்துவைத்தது நம்முடைய கர்ண பரம்பரை.

கேள்வி கேட்காமல் இருப்பது என்று சொன்னேன். பழைய குடும்பங்களில் அதற்கு ஒரு முறையே இருந்தது. யார் யாரைக் கேலி செய்யலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. மாரியம்மன் திருவிழா முடிகிற அன்று மஞ்சள் நீராட்டு. அத்தை மகன் மேல் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒரு பெண் ஓடலாம், யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. கல்யாண வீட்டில் சம்பந்தி ஏசல் என்று உட்கார்ந்து பாடினால் மாப்பிள்ளையின் அம்மா மூக்கிலிருந்து அப்பா பூணூல் வரையில் ஒன்றும் பாக்கி இருக்காது. ராட்கிளிஃப்–பிரௌன் என்ற ஆங்கில மானிடவியல் அறிஞர் 1940-இல் இந்த மாதிரி உறவுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சிநேகமும் பகையும் கலந்த இடத்தில் சமூகமே அவமரியாதைக்கு அனுமதி கொடுத்துவைக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினவளுக்கு இது கட்டுரை இல்லாமலே தெரிந்த விஷயம்.

விசித்திரம் என்னவென்றால், அந்த அத்தை மகனையே கல்யாணம் செய்துகொண்டுவிட்டால் அனுமதி ரத்தாகிவிடும். மறுநாளிலிருந்து அவன் பெயரைக்கூடச் சொல்லக்கூடாது. "இந்தாங்க" என்றும், "நம்மாத்திலே" என்றும், "உங்கப்பாவைக் கேளு" என்று குழந்தையை இடையில் வைத்தும் காலந்தள்ளினார்கள். இதைச் சுற்றி எத்தனையோ வேடிக்கைகள் உண்டு. கணவன் பெயர் முருகன் என்றால் பழனி மலையில் நின்றுகூட வாயைத் திறந்து சாமியைக் கூப்பிட முடியாத சங்கடம். ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவரிடம் பன்னிரண்டு கை, ஆறு முகம் என்று விடுகதை போட்ட அவஸ்தை. நலங்கின்போது மற்றப் பெண்கள் கூடி, கல்யாணப் பெண்ணைப் புருஷன் பெயரைச் சொல்லவைத்துக் கைகொட்டிச் சிரித்தது இதனால்தான். வழக்கம் இப்போது பெரும்பாலும் போய்விட்டது. போனதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் ஒரு சொல்லை வாயில் வைத்துக்கொண்டு, சொல்லமுடியாமல் ஆயுசைக் கழித்தவர்கள்தான் நமக்குக் கதை சொன்ன பாட்டிகள் என்பதை மறக்கக்கூடாது. இதை மனசில் வைத்துக்கொண்டு, அவர்கள் சொன்ன கதைகளில் மிகவும் பிரசித்தமான ஒன்றைப் பார்க்கலாம்.

ஒருவன் மாமியார் வீட்டுக்குப் போனான். மாமியார் கொழுக்கட்டை செய்து போட்டாள். அவனுக்கு அது மிகவும் ருசித்தது. இதற்குப் பெயர் என்ன என்று கேட்டான். கொழுக்கட்டை என்றாள். உன் பெண்ணுக்குச் செய்யத் தெரியுமா என்றான். பேஷாகத் தெரியும் என்றாள். பெயர் மறந்துவிடப்போகிறதே என்று, "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தான். வழியில் ஒரு வாய்க்கால் வந்தது. தாண்டுகிற மும்முரத்தில் "அத்திரிபாச்சா!" என்று சொல்லிக்கொண்டு குதித்தான். அக்கரையில் கால் ஊன்றியபோது வாயில் அத்திரிபாச்சாதான் இருந்தது. "அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா" என்று சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். "அடியே, அத்திரிபாச்சா பண்ணு" என்றான். அப்படி ஒன்று எனக்குத் தெரியாதே என்றாள் அவள். உன் அம்மா தெரியும் என்கிறாள், நீ தெரியாது என்கிறாயா என்று அடித்து நொறுக்கிவிட்டான். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். "அட பாவி! கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிப் போச்சே!" என்றாள். "அதுதான்! அதேதான்! அதைத்தான் பண்ணச் சொன்னேன்!" என்று குதித்தானாம் அவன்.

இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்காத தமிழ்க் குழந்தை இருக்கமுடியாது. முதல் சிரிப்பு அந்தச் சொல்லுக்காக. அத்திரிபாச்சாவுக்கு அர்த்தம் கிடையாது. அகராதியை எடுக்கவேண்டிய அவசியமும் இல்லை. சொல்லும்போதே வாய்க்காலைத் தாண்டுகிற சத்தம் அதில் இருக்கிறது. குழந்தைகளுக்கு அது போதும்.

பெரியவனான பிறகு, கதை எழுதுவதைத் தொழிலாக வைத்துக்கொண்ட பிறகு, இந்தக் கதையின் கட்டுக்கோப்பைப் பார்த்து நான் பிரமித்திருக்கிறேன். அந்த மனுஷனிடம் ருசி இருக்கிறது, சொல் இல்லை. இத்தனை வயசு வரையில் தட்டில் வந்து விழுந்ததை எடுத்துச் சாப்பிட்டவன். பெயர் தெரியவேண்டிய அவசியமே அவனுக்கு நேர்ந்ததில்லை. சரி, பெயர்தான் மறந்துபோயிற்று. "வெள்ளையாக இருக்கும், ஆவியில் வேகவைத்தது, உள்ளே பூரணம், உங்கம்மா பண்ணினாளே" என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. அவளுக்கும் கொழுக்கட்டை செய்யத் தெரியும். வீட்டில் அரிசி மாவும் இருந்திருக்கும், வெல்லமும் இருந்திருக்கும். அவன் அந்த நாலு வார்த்தையைச் சொல்லவில்லை. மனைவியிடம் ஒன்றை விவரிப்பது என்பது அவனுக்குப் பழக்கம் இல்லை. ஏவிப் பழக்கம். ஏவின சொல் தப்பாகப் போனபோது அவனுக்குத் தெரிந்த அடுத்த பாஷை கை ஒன்றுதான்.

மறந்துபோன சொல் திரும்பி வருகிற இடம் இன்னும் நுட்பமானது. கணவனுக்கும் அது ஞாபகம் வரவில்லை, மனைவியும் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்காரி, அடிபட்ட கன்னத்தைப் பார்த்துப் பதறி, உவமையாகச் சொல்லுகிறாள். அவள் பார்த்தது வீக்கம். அவன் காதில் விழுந்தது பலகாரம். எதிரே அழுதுகொண்டு நிற்கிற பெண்டாட்டியின் முகம் அவனுக்கு இப்போதும் தெரியவில்லை, கொழுக்கட்டைதான் தெரிகிறது. எவ்வளவு பயங்கரமான இடம்! எவ்வளவு பொருத்தமான இடம்! பொருத்தமாக இருப்பதால்தான் சிரிப்பு வருகிறது. ஒரு நாவலாசிரியன் முந்நூறு பக்கத்தில் ஒரு கணவனைப் பற்றிச் சொல்லத் தவிக்கிறதை, பெயர் தெரியாத பாட்டி ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

குழந்தைகளுக்கு இதைச் சொல்லும்போது அடியை எடுத்துவிட்டுச் சொல்லலாமே என்று நல்லெண்ணத்தோடு யோசனை சொல்லுகிறவர்கள் உண்டு. அவன் தடுக்கி விழுந்தான், தலை வீங்கிற்று, ஞாபகம் வந்தது என்று மாற்றிவிடலாமாம். நான் இதை ஒப்புக்கொள்ளமாட்டேன். மாற்றினால் மறதிக்காரன் கதை ஒன்று மிஞ்சும். அந்தப் பெண் கதையை விட்டே போய்விடுவாள். அவள் பட்ட அடிக்கு அந்தக் கன்னத்து வீக்கம் ஒன்றுதான் சாட்சி. அதைப் பார்த்துச் சொல்ல ஒரு பக்கத்து வீட்டுக்காரியையும் கதை ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. குடும்ப வன்முறைக்கு எதிராக நம் நாட்டில் 2005-இல் தனிச் சட்டம் இயற்றினார்கள். மறு வருஷம் அது அமலுக்கு வந்தது. சட்டத்துக்கு வெகு காலம் முன்பே பாட்டிகள் சாட்சியைக் கூப்பிட்டாகிவிட்டது, தீர்ப்பு எழுதத்தான் ஆள் இல்லை. கதை சொல்லி முடிந்ததும் எந்தக் குழந்தையாவது, "பாவம், அந்த மாமிக்கு வலிச்சிருக்குமே?" என்று கேட்டால் அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். அடியை எடுத்துவிட்டால் அந்தக் கேள்வியும் வராது.

பூரிக் கட்டைத் துணுக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே பார்க்கலாம். துணுக்கில் அடிபடுகிறவன் ஆண். எத்தனை அடி பட்டாலும் அடுத்த வாரம் புதுத் தலையோடு வந்துவிடுவான். அவனுக்கு வலிப்பதில்லை, ஏனென்றால் அந்த அடி விழவே இல்லை. எழுதினவனுக்கும் தெரியும், படிக்கிறவனுக்கும் தெரியும். கொழுக்கட்டைக் கதையில் அடி விழுந்திருக்கிறது.

பாட்டி கதைகள் எல்லாம் இப்படிக் கனமாக இருக்கும் என்று யாரும் பயப்பட வேண்டாம். ஐந்து தோசைக் கதை இருக்கிறது. பண்டித நடேச சாஸ்திரியும் கிங்ஸ்கோட் சீமாட்டியும் சேர்ந்து 1890-இல் லண்டனில் 'டேல்ஸ் ஆஃப் தி ஸன்' என்ற பெயரில் தென்னாட்டுக் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது இதையும் சேர்த்திருக்கிறார்கள். ஒரு பிச்சைக்காரனும் அவன் மனைவியும் தோசைக்கு ஆசைப்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அரிசி சேர்த்து மாவரைத்து வார்க்கிறார்கள். ஐந்து தோசைதான் தேறிற்று. யாருக்கு மூன்று, யாருக்கு இரண்டு? (நாலு தோசை என்றால் கதையே கிடையாது. குடும்பக் கலகங்கள் பலவற்றுக்கு ஒற்றைப்படை எண்தான் காரணம்.) கண்ணை மூடிக்கொண்டு பிணம்போலப் படுப்பது, முதலில் பேசுகிறவருக்கு இரண்டுதான் என்று பந்தயம் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். விடிந்தது; கதவு திறக்கவில்லை. தலையாரி உள்ளே இறங்கிப் பார்த்தான். இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்று ஊரே இரக்கப்பட்டுச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிற்று. நெருப்புச் சுட்டதும் புருஷன், "எனக்கு இரண்டே போதும்!" என்று கத்திவிட்டான். "அப்படியானால் எனக்கு மூன்று!" என்று அவள் பாடையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

இந்தத் தம்பதியை நான் மிகவும் நேசிக்கிறேன். தமிழ் நாவல்களில் சம அந்தஸ்துள்ள கணவன் மனைவியைக் காண்பது அரிது; பிச்சைக்காரக் குடிசையில் அப்படி ஒரு ஜோடி இருக்கிறது. இவனும் விட்டுக்கொடுக்கவில்லை, அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. வாசுகியின் மௌனம் வேறு, இவளுடைய மௌனம் வேறு. இவள் வாயை மூடிக்கொண்டிருப்பது ஜயிப்பதற்காக. புருஷனுக்குக் கிடைத்தது எவ்வளவு தோசை என்பதை உலகத்துக்கு அவன் வாயாலேயே சொல்லவைத்தாள். கதையின் முடிவும் எனக்குப் பிடிக்கும். பாடை ஏறினவர்கள் ஊருக்குள் திரும்பினால் ஊருக்கு ஆகாது என்று, ஊருக்கு வெளியே ஒரு குடிசை கட்டிக்கொடுத்து அங்கேயே இருக்கச் சொல்லிவிடுகிறார்கள். கிழவிகளும் குழந்தைகளும் தோசை கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். கொண்டுபோனவர்கள் யார் யார் என்பதைக் கவனிக்கவேண்டும்.

இனி, பேசுகிற பெண் ஒருத்தி. திரிகூடராசப்பக் கவிராயரின் 'திருக்குற்றாலக் குறவஞ்சி' பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்த நாடக இலக்கியம். நாடோடிக் கதையோடு சேர்க்கலாமா என்று பண்டிதர்கள் கேட்கலாம். குறத்தியும் குறவனும் ஜனங்களின் கூத்திலிருந்து வந்தவர்கள்தான் என்று சொல்லிவிட்டு நான் மேலே போகிறேன். சிங்கி ஊர் ஊராகப் போய்க் குறி சொல்லி, நகையும் புடவையுமாகச் சம்பாதித்துக்கொண்டு குற்றாலத் தெருவில் நிற்கிறாள். பறவை பிடிக்கிற சிங்கன் அவளைத் தேடி அலைந்துவிட்டு அங்கே வந்து சேருகிறான். என்னிடம் சொல்லாமல் எங்கே போனாய் என்று ஆரம்பித்து, அவள் உடம்பில் இருக்கிற ஒவ்வொன்றையும் காட்டிக் கேட்கிறான். காலில் கிடக்கிற சிலம்பைப் பார்த்தால் அவனுக்கு விரியன் பாம்பாகத் தெரிகிறது. அது சேலத்துப் பக்கம் குறி சொல்லி வாங்கினது என்கிறாள் அவள். இப்படியே கேள்வியும் பதிலுமாகப் போகிறது.

சிங்கன் மூடனா? மேடையில் அப்படித்தான் ஆடுவார்கள். கொட்டகையில் சிரிப்பும் பிய்த்துக்கொண்டு போகும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெண்டாட்டி தானாகச் சம்பாதித்து ஒரு நகை வாங்க முடியும் என்பது அவன் புத்தியில் ஏறவில்லை. ஆகையால் பாம்பு என்கிறான். பாம்பு என்றால் அவனுக்குப் புரியும், சம்பளம் என்றால் புரியாது. அவன் ஒவ்வொரு கேள்விக்கு அடியிலும் ஒரு சந்தேகம் படுத்திருக்கிறது. எவன் கொடுத்தான் என்பதுதான் அது. சிங்கி கோபித்துக்கொள்ளவில்லை, அழவில்லை. ஊர்ப் பெயரைச் சொல்லுகிறாள், உழைப்பைச் சொல்லுகிறாள். கணக்குப்பிள்ளையிடம் ஒரு வியாபாரி ரசீதுகளை எடுத்துப் போடுகிற மாதிரி இருக்கிறது. கடைசியில் இரண்டு பேரும் சமாதானமாகிச் சந்தோஷமாகப் போய்விடுகிறார்கள். கவிராயர்மேல் எனக்கு ஒரு சிறு மனத்தாங்கல் உண்டு. அவ்வளவு பதில் சொன்னவளுக்கு, நீ இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று திருப்பிக் கேட்க அவர் ஓர் இடம் கொடுத்திருக்கலாம்.

சிங்கியிடம் பதில் இருந்தது. பதில் இல்லாத ஒருத்தியின் கதை கன்னடத்தில் வழங்குகிறது. ஏ. கே. ராமானுஜன் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, மைசூரில் பிறந்து வளர்ந்து, கடைசி வரையில் அமெரிக்காவில் இருந்தவர், 1993-இல் காலமானார். அவர் தொகுத்த நாடோடிக் கதைகளில் அது இருக்கிறது.

ஒருத்திக்கு ஒரு கதை தெரியும். ஒரு பாட்டுத் தெரியும். அவள் அவற்றை யாருக்கும் சொல்லவில்லை, பாடவில்லை. உள்ளேயே அடைபட்டுக் கிடந்த கதைக்கும் பாட்டுக்கும் மூச்சு முட்டிற்று. ஒருநாள் அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கியபோது கதை வெளியே குதித்து, வாசலில் ஒரு ஜோடிச் செருப்பாக ஆயிற்று. பாட்டு ஓர் ஆண்பிள்ளையின் கோட்டாக ஆகிச் சுவர் ஆணியில் தொங்கிற்று. புருஷன் வந்து பார்த்தான். "யார் வந்திருக்கிறது?" என்றான். ஒருவரும் இல்லை என்றாள். "இது யார் கோட்டு? யார் செருப்பு?" என்றான். தெரியாது என்றாள். அவளுக்கு வாஸ்தவமாகவே தெரியாது. பெரிய சண்டையாகி, அவன் கம்பளியை எடுத்துக்கொண்டு ஆஞ்சநேயர் கோயிலில் போய்ப் படுத்துவிட்டான்.

அந்த ஊர் விளக்குகளுக்கு ஒரு வழக்கம். வீடுகளில் விளக்கை அணைத்ததும் சுடர்கள் எல்லாம் கோயிலுக்கு வந்து கூடி, ராத்திரி முழுவதும் ஊர்வம்பு பேசிக்கொண்டிருக்கும். அன்றைக்கு ஒரு சுடர் மட்டும் நேரங்கழித்து வந்தது. ஏன் தாமதம் என்று மற்றவை கேட்டன. எங்கள் வீட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை, அதனால் விளக்கை அணைக்க நேரமாயிற்று என்று அது காரணத்தைச் சொல்லிற்று. கதைதான் செருப்பாயிற்று, பாட்டுத்தான் கோட்டாயிற்று என்பதையும் சொல்லிற்று. படுத்திருந்த புருஷன் கேட்டுக்கொண்டிருந்தான். சந்தேகம் தீர்ந்தது. விடிந்ததும் வீட்டுக்குப் போனான்.

மற்றக் கதைகளில் இந்த இடத்தில் சமாதானம் வந்துவிடும். இவன் உள்ளே நுழைந்ததும், உன் கதை என்ன, உன் பாட்டு என்ன என்று மனைவியைக் கேட்டான். கல்யாணம் ஆனதிலிருந்து அதுதான் அவன் அவளை அப்படிக் கேட்ட முதல் கேள்வி என்று வைத்துக்கொள்ளலாம்.

அவள் மறந்துபோயிருந்தாள். "எந்தக் கதை? எந்தப் பாட்டு?" என்றாள்.